இருபத்துநாலு நாற்காலி

அக்காவையும் தன்னையும் சேர்த்து மறுபடி எண்ணினான். ஐந்து பேர்தான். நாற்காலிகள் இருபத்துநாலு.

மணி ஐந்தரை. ஐந்துக்கே ஆரம்பித்திருக்க வேண்டும்.

நடன வகுப்பு நடக்கும் அறையை மாலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் ஐந்து பேர் பத்துப் பேராகத் தெரிந்தது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல். காலி நாற்காலிகளும் இரட்டிப்பாகத் தெரிந்ததும் அந்த ஆறுதல் போன இடம் தெரியவில்லை.

முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பாடகி கிட்டாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சேர்ந்துவிட்டது. கைக்கு வேறு வேலை இல்லாததால் திரும்பத் திரும்பச் சேர்த்தாள்.

அவள் இதுவரை வெளியிட்டது ஒரே ஒரு பாட்டு. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு போனில் பதிவு செய்தது. நடுவில் பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம்கூட உண்டு. மூன்றாவது நிமிடத்தில் கிட்டார் நின்றுபோய், அவள் மூச்சை இழுப்பது மட்டும் கேட்கும். அந்த ஒரு மூச்சுக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம் என்று அவன் இணையத்தில் எழுதினான். எழுதி வைக்க அவனிடம் சொத்து இல்லை என்பது வேறு விஷயம்.

யாரும் சீண்டாத பாட்டுகளைத் தேடிப் பிடித்து வாரம் ஒன்றைப் பற்றி எழுதுவான். அதையும் யாரும் சீண்டுவதில்லை. எல்லோரும் கேட்கிற பாட்டுக்கு நான் எதற்கு என்பான். ஆனால் இந்த ஒரு பாட்டு மட்டும் இப்படிக் கிடப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பாட்டை ஏற்றியிருந்த தளத்தில் அவன் ஊர்க்காரர்களுக்கு அவள் ஒரு செய்தி போட்டாள். உங்கள் ஊரில் இருபத்துநாலு பேர் நாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் என் பாட்டைக் கேட்கிறீர்கள். என் ஊரில்கூட எனக்கு அத்தனை பேர் இல்லை. உங்களுக்காகவே வந்து பாடுகிறேன். ஆளுக்கொரு நாற்காலி உண்டு.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தவள். லீவு கேட்டாளாம், கொடுக்கவில்லையாம். வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்ன நேரத்திலிருந்து அவன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டே இருந்தான்.

அவன் கூப்பிடாத ஆளில்லை. வந்தது அக்கா, அத்தான், முடிவெட்டுகிறவர், தெருமுனைத் தையல்காரர். எல்லோருக்கும் பாட்டின் முதல் வரியைச் சொல்லிக் கொடுத்திருந்தான். தையல்காரருக்கு அது வாயில் நிற்கவே இல்லை. அத்தான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

"தினமும் கேக்கறேன்னு சொல்லச் சொன்னே, சொல்லிட்டேன்," என்று அக்கா அவன் காதைக் கடித்தாள். "ரெண்டாவது வரி என்னன்னு அந்தப் பொண்ணு கேட்டா நான் எங்கேடா போவேன்?"

அவன் படியிறங்கி ஓடினான். கூடப் படித்தவன் ஒருவனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. இன்னொருவன் எடுத்து, பாட்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். தெருவில் போன இரண்டு பேரை மறித்து, காசே வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினான். அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். நடுத்தெருவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலே வந்தபோது கிட்டார் தரையில் இருந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நிமிஷம் இதே ஊர்ல இருபத்திமூணு பேர் என் பாட்டைக் கேட்டுட்டு இருக்காங்க. இங்க காட்டுது," என்றாள். "நீங்க இங்க அஞ்சு பேர். கூட்டினா இருபத்தெட்டு வருதே?"

அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். தையல்காரர் முதல் வரியை முணுமுணுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

இதற்கு மேல் இழுத்துப் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த இருபத்திநாலுல ஆளு நான் ஒருத்தன்தாங்க," என்றான். "மீதி இருபத்திமூணும் நான் வேலை பாக்கற கடையில இருக்கற போன். வாங்க வர்றவங்க தொட்டுப் பாக்கறதுக்கு மேசை மேல வெச்சிருப்போமே, அது."

தினமும் இருபது பேராவது கேட்டால்தான் அந்தத் தளம் ஒரு பாட்டைப் புது ஆட்களுக்குக் காட்டும் என்று எங்கோ படித்திருந்தான். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு பெயரில் கணக்குத் தொடங்கினான். கடை திறந்ததும் வரிசையாகத் தட்டிவிடுவான், பூட்டும்போது நிறுத்துவான். கேட்டுக்கொண்டிருக்கும் ஊரைப் பார்த்து அவள் கிளம்பி வருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவளுக்குப் பதினைந்து முறை உண்மையை எழுதி, பதினைந்து முறையும் அழித்திருந்தான்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் வரிசை வரிசையாக நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடைக்கு வர்றவங்க யாராவது நின்னு கேட்டாங்களா?" என்றாள் கடைசியில். "ஒருத்தராவது?"

"நெறைய பேருங்க," என்றான் சட்டென்று. "யார் பாடினதுன்னுகூடக் கேப்பாங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடையில் பாட்டுச் சத்தம் முதலாளிக்கு ஆகாது. நாலு மாதமும் அந்த இருபத்துமூன்று போன்களில் ஒன்றில்கூட அவன் சத்தம் வைத்ததில்லை.