திருப்பித் தரக் கூடாத துணி

"இந்தத் துணி வீட்டுல இருக்கிற வரைக்கும் புள்ளைக்குக் காய்ச்சல் இறங்காது. இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் லஸ்மா.

அவள் கணவன் ஹோத்மன், மடியில் கிடந்த குழந்தை உலியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எங்கள் தோபா ஏரிப் பக்கத்தில், உறவுக்காரர்கள் ஆசீர்வதித்துப் போர்த்திய உலோஸ் என்கிற நெசவுத் துணியைத் திருப்பிக் கொடுத்தால் உறவை அறுத்துவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் போக்குவரத்து இருக்காது, சாவுக்கும் இருக்காது.

"உங்க அண்ணனும் போய்ச் சேர்ந்துட்டாரு. பொறந்த வீடுன்னு உனக்கு மிச்சம் இருக்கிறது உங்க அண்ணி ஒருத்தங்கதான். யோசிச்சுக்கோ."

யோசிக்க ஒன்றுமில்லை என்றாள் லஸ்மா. ஞானஸ்நான விருந்தில் எல்லோரும் பார்த்ததுதானே. குழந்தைக்குச் சிவப்பு உலோஸ் போர்த்துவதுதான் முறை. அண்ணி தியோமினா போர்த்தியதோ, சாவு வீட்டில் விதவையின் தலையில் போடுகிற கருநீலத் துணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மரியாதைக்காக யாரும் வாயும் திறக்கவில்லை. அதோடு விட்டாளா? குழந்தையின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை விரலால் தடவி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். போன வாரம் சந்தையில், தன் பக்கத்து வீட்டுக்காரியோடு கைகோத்து எதிரே வந்தவள், லஸ்மா சிரித்தும் பதிலுக்குச் சிரிக்காமல் கடந்து போனாள். மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல்.

"பல்லு மொளைக்குது, அதான் சூடுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே?"

"பல்லு மொளைக்கிற சாக்குல பேயும் உள்ள புகும்ங்க. மலைமேல பழைய ஆவிகளைக் கும்பிடறவங்க இன்னும் இருக்காங்க. தனியாக் கெடக்கிற பொம்பள, யாரு கண்டா?"

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தையாவது கேட்டுவிட்டு வா என்றான் ஹோத்மன். பேச்சுக் கொடுப்பதே சாத்தானுக்குக் கதவைத் திறந்துவிடுவது போலத்தான், அதனால் வாயே திறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் மூன்று வாரமாக இருதயத்தைக் காப்பது பற்றியே பேசி வருகிறவள் அவள். "தெருநாய் உள்ள வந்தா தொடப்பத்த எடுக்கிறோம். மனசுக்குள்ள கெட்டது வந்தா மட்டும் பாய் போட்டு உக்கார வைக்கிறோம்" என்பாள். கூட்டம் சிரித்துக்கொண்டே தலையாட்டும்.

தங்கள் ஊரான பாலிகேயில் வேன் ஏறியபோது அவளிடம் துளி பயம் இல்லை. வழி நெடுகக் கண்ணை மூடி, எந்தத் தீய ஆவியும் தன் இருதயத்தை அண்டாதபடி காக்கச் சொல்லி ஜெபித்துக்கொண்டே போனாள். மலையேறி வேன் நின்று அவள் இறங்கும்போது, தோபா ஏரி கீழே வெயிலில் பளபளத்தது. ஆண்டவர் கூடவே வருகிறார் என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது.

தியோமினா வீட்டுப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லஸ்மா நேராகப் போய் அவள் எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றாள். பையிலிருந்து கருநீலத் துணியை எடுத்து, மடிப்புப் பிரித்து, முகத்துக்கு நேராக நீட்டினாள். சொன்னபடியே ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தியோமினா நிமிர்ந்தாள். அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில் லஸ்மா இருந்த பக்கமே பார்த்துச் சிரித்தாள்.

"யாரும்மா அது? பாலிகே வேன்லயா வந்தீங்க?" என்றாள். "அங்கதான் என் நாத்தனா புள்ளைக்கு ஒரு சிவப்பு உலோஸ் போத்திட்டு வந்தேன். அந்தச் சிவப்பு புள்ளைக்கு எடுப்பா இருக்கான்னு பாத்தீங்களா?"

லஸ்மா துணியைப் பைக்குள் திணித்துவிட்டு, படியில் உட்கார்ந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணி."