நியூயோர்க் மேயருக்கு மச்சாளின் வாக்கு

டோர்ட்மண்டில், எங்கள் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர் இருக்கிறோம். சன்னலோரம் பிலோமினா மச்சாள். எதிரே, பிளாஸ்டர் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியபடி அவருடைய அண்ணனும் என் கணவருமான யூஜின். இடையில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நான். அண்ணனைப் பார்த்துக்கொள்ள நியூயோர்க்கிலிருந்து வந்த மச்சாளுக்கு, அந்த நகரத்து மேயரைத் தெரிவுசெய்யும் வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது. ஊரில் சண்டை, பிறகு குடியுரிமைக்கான காத்திருப்பு என்று போன வாழ்க்கையில், ஐம்பத்தெட்டு வயதில் இது அவருடைய முதல் வாக்கு. “உதில என்ன யோசனை? பிடிச்ச ஆளுக்கு நேரே ரெண்டு கோட்டைக் குறுக்கால கீறிப் புள்ளடியைப் போடு. நான் இஞ்ச எத்தினை தரம் போட்டிட்டன்,” என்கிறார் யூஜின். மச்சாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கூட வந்த தாளை வரி வரியாக வாசிக்கிறார். “புள்ளடி போடக் கூடாதாம் அண்ணை. வட்டத்தை முழுக்க நிரப்பட்டாம். உங்கட சொல்லைக் கேட்டிருந்தா என்ர வாக்கு குப்பைக்கைதான்.” நான் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணியைக் குடிக்கிறேன். “சரி, ஆருக்கெண்டாவது சொல்லன்,” என்கிறார் யூஜின். “சொல்ல ஏலாது. சும்மா இருங்கோ.” வெயில் விழுந்த மேசையில் மச்சாள் பிஸ்கட் பெட்டியை நிமிர்த்தி மறைவு கட்டுகிறார். எழும்ப முடியாத யூஜின் கழுத்தை மட்டும் நீட்டுகிறார். கறுப்புப் பேனை மெல்ல உராய்கிறது. மச்சாளின் முகம் மலர்கிறது. சீட்டை மடித்து உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, நிதானமாகக் கையெழுத்து வைக்கிறார். மேற்கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகவே தெருமுனைக்கு நடக்கிறார். சன்னலால் பார்க்கிறேன். மஞ்சள் தபால்பெட்டிக்குள் உறை விழுகிறது. மச்சாள் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துகிறார்.