இணைப்பு துண்டிக்கப்படும்

எங்கள் படத்தைத் திருட்டுத்தனமாக டவுன்லோட் செய்த பெண்ணின் இணைப்பை இன்றே துண்டிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று வெளிநாட்டுப் படக் கம்பெனி மெயிலில் மிரட்டியிருந்தது. இன்டர்நெட் கம்பெனி மேலாளர் மீசையை முறுக்கியபடி அவளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, திருட்டுப் படம் பார்க்க வெட்கமா இல்லை?"

"சார், கட் பண்ணிடாதீங்க! நான் டப்பிங் பேசறவ. வீட்டிலிருந்தே பேசி அனுப்பறேன். நெட் போனா என் பொழைப்பே போச்சு."

"அதுக்காகத் திருடலாமா?"

"அந்தப் படத்துல கதாநாயகிக்குத் தமிழ்ல குரல் கொடுத்ததே நான்தான் சார். நம்ம நாட்டுல மட்டும் அவங்க படத்தை வெளியிடவே இல்லை. என் குரலை நான் கேட்க வேற என்ன வழி?"

மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அட, அது நீங்கதானா! ஆஸ்பத்திரியில அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவீங்களே, நானும் என் சம்சாரமும் தேம்பித் தேம்பி அழுதோம்மா!"



"ரொம்ப சந்தோஷம் சார். எந்தத் தியேட்டர்ல பார்த்தீங்க?"

மேலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனிக்கு நான் ஏதாவது பதில் சொல்லிக்கறேன். நீங்க முதல்ல போனை வைங்க தாயே!"