விதை கடிக்கும் சத்தம்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் இருந்தபடி விட்டுவைக்கத் தெரியவில்லை. கனடாவில் எங்கள் ஊரான ஸ்டைன்பாக்கின் ஆவணக் காப்பகத்தில் ஃபாஸ்ட் வீட்டுப் பெண் ரோஸெல்லா என் அப்பாவின் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக ஓடவிட்டிருக்கிறாள். சுழலும் சக்கரங்களின் மேல் ஜன்னலின் பனி வெளிச்சம் விழுகிறது. ரஷ்யாவில் விட்டுவந்த குதிரைகளைப் பற்றி அப்பா எங்கள் வீட்டு ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் டிக், டிக் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது.

"டேப்புல கோளாறு, மாமா. இந்த இரைச்சல எடுத்துட்டா பேச்சு பளிச்சுன்னு கேக்கும்," என்று சொல்லி அனுமதித் தாளை என் பக்கம் தள்ளுகிறாள்.

"கோளாறா? நீயும் நம்ம மெனோனைட் சபை வீட்லதானே பொறந்தே? ஞாயித்துக்கிழமை மத்தியானம் சூரியகாந்தி விதை கடிச்சதே இல்லையா?"

அவள் விரல் பொத்தானின் மேலேயே நிற்கிறது.

அது என் பெண்டாட்டி நேத்தா விதை கடிக்கிற சத்தம். அப்பா பேசும்போது நாங்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம். அவள் அடுப்போரம் உட்கார்ந்து ஒரு கடைவாயில் விதையைப் போட்டு, மறு கடைவாய் வழியாகத் தோலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வேறு எந்த கேசட்டிலும் அவள் இல்லை.

அப்பா சிவப்புக் குதிரை செத்த இடத்துக்கு வருகிறார். டிக் சத்தம் நின்றுவிடுகிறது. நூறு தடவை கேட்ட கதைதான், ஆனாலும் அந்த இடத்தில் அவள் கடிக்கமாட்டாள். அப்பா மூக்கைச் சிந்துகிறார். மறுபடியும் டிக்.

"எடுக்கமாட்டேன், மாமா," என்கிறாள் ரோஸெல்லா மெல்ல.

"கம்ப்யூட்டர் எடுத்துடாதா?"

"நான் சொல்லாம எடுக்காது."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க."

தாளில் 'சத்தத்தோடு' என்று எழுத்துக்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். தொப்பியை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். வாசல்வரைக்கும் டிக், டிக் கேட்கிறது. கதவைச் சாத்தின பிறகு என்ன செய்வாளோ, யார் கண்டது.