செண்பகம் கடைசியாகச் சொன்னது

மாசிலாமணி மகளோடு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு, கேஸ் சிலிண்டரைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பேச்சுக் கொடுக்க வந்த எஸ்.ஐ. சகாயராணி தெருவிலிருந்து லேப்டாப்பில் ஒவ்வொரு வரியாக டைப் அடிக்க, போன வருஷம் செத்துப்போன அவன் மனைவி செண்பகத்தின் பழைய பதிவுகளிலிருந்து ஏ.ஐ. உருவாக்கிய குரலில் போலீஸ் மைக் பேசியது.

“ஏங்க, புள்ளைய வெளிய விடுங்க.”

அரை மணி நேரத்தில் அழுதுகொண்டே கதவைத் திறந்தான். நிம்மதியில் சகாயராணி பழக்கதோஷத்தில், “போயிட்டு வர்றேங்க” என்று அடித்துவிட்டாள். குரல் அதையும் அன்பாகச் சொன்னது.

சாயங்காலம் லாக்கப்பில் நாலு இட்லி கொடுத்தார்கள். இரண்டைத் தின்றுவிட்டு, மீதியை இலையோடு மடித்து வைத்தான்.

“ஏம்ப்பா, போதுமா?” என்றாள் சகாயராணி.

“அவளுக்கு மேடம். வர்றேன்னுதான சொல்லிட்டுப் போனா? கதவ மட்டும் பூட்டிராதீங்க.”