தள்ளுகதவு

தளவாய் வாங்கிய பழைய வேனில் சாலைச் சந்தையில் இருக்கும் தன் கடைக்குப் பத்து மூட்டை அரிசி ஏற்றலாம். ஆறு வயது மகள் கலைச்செல்வியைப் பள்ளிக்கும் கொண்டுவிடலாம். குறை ஒன்றுதான். பின்பக்கத் தள்ளுகதவின் தகரம் வாரந்தோறும் உள்ளிருந்து வெளியே, சின்னக் குதிகால் அளவில் புடைத்தது.

“உள்ள கிடந்து ஆரோ சவிட்டுகு அண்ணாச்சி,” என்றான் ஒர்க்‌ஷாப் சுஜின், காலை உதைத்துக் காட்டி. “கொச்சுப் புள்ளைக்க காலாக்கும்.”

“வண்டிய வித்தவன் புள்ளையையும் ஓசியா தந்தானாக்கும்? போடே, வேற கதவு மாட்டு.”

புதுக் கதவில் மூன்று வாரம் ஒரு புடைப்பும் இல்லை.

நான்காவது திங்கட்கிழமை காலை, கலைச்செல்வியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் வழியில், கரமனைப் பாலத்தில் முன்சீட்டுக்கு அடியிலிருந்து தீ கிளம்பியது. தளவாய் வெளியே குதித்துத் தள்ளுகதவுக்கு ஓடினார். இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே மகள் அலறினாள். புதுத் தகரத்தில், அதே இடத்தில், முதல் குதிகால் புடைத்தது.