ஸ்டியரிங் ஆயில்

முதல் திருப்பத்தில் ஸ்டியரிங் முனகியது. இரண்டாவது திருப்பத்தில் இறுகிக்கொண்டது.

இரண்டு கையாலும் இழுத்து, தோளையும் கொடுத்துத் திருப்பி, கண்ணில் பட்ட முதல் பட்டறைக்குள் காரை விட்டாள்.

வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறினால் பத்துக்குள் பதினைந்து வீடு. எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். இன்று ஒரு நாள்தான் விடுப்பு.

மெக்கானிக் நரைத்த மீசைக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்பின் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார்.

உள்ளே பொட்டு ஆயில் இல்லை.

புது ஆயில் ஊற்றி, மறுபடி எஞ்சினைப் போடச் சொன்னார். ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்குமாக மெதுவாகச் சுற்றச் சொன்னார். முதலில் டப்பாவில் நுரை கிளம்பியது. காற்று வெளியேற வெளியேற முனகல் அடங்கியது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒற்றை விரலுக்கே சுற்றியது.

கிளம்பலாமா என்று கேட்டாள்.

அவர் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். முட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்து நகர்ந்தார். அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருந்தது. அதைப் பிழிந்தார். ஆயில் சொட்டியது.

உள்ளே சீல் தேய்ந்துவிட்டது, அங்கிருந்துதான் கசிகிறது என்றார். சுற்றிலும் படிந்திருந்த அழுக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தார் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. இன்று நேற்று வந்த கசிவு இல்லை, ஒரு வருஷத்துக்கு மேலேயே இருக்கும் என்றார்.

அதெப்படி, போன வாரம்வரை பூ மாதிரி சுற்றியதே என்றாள்.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"தினமும் யாரோ பாத்துப் பாத்து ஊத்தியிருக்காங்கம்மா. இல்லன்னா இந்தப் பம்ப் எப்பவோ போயிருக்கும். டப்பாவச் சுத்தி ஒரு சொட்டு சிந்தல, பாருங்க. வீட்டுக்காரரா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கணவன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்னான்தான். ஸ்டியரிங்கில் ஏதோ கசிகிறது, நாலு நாள் பட்டறையில் விடவேண்டும் என்று. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, நாலு நாளும் நான் நடந்தா போவேன் என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவள் வீட்டில் எல்லோரும் அவனைக் கேலி செய்வார்கள்.

அதற்குப் பிறகுதான் காலை ஐந்தரைக்கு அவன் கீழே இறங்கிப் போக ஆரம்பித்தான். கையில் சாவியும் போனும். பத்து நிமிஷத்தில் மேலே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவான்.

எங்கே போய் வருவது என்று கேட்டாள். வண்டியைப் பார்க்க என்றான். அதற்குப் போன் எதற்கு என்று கேட்டாள். கீழே வெளிச்சம் இல்லை என்றான்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

வண்டி நிற்பது கட்டடத்தின் அடித்தளத்தில். மூன்று மாடி இறங்கினால் பார்த்துவிடலாம். ஒரு நாள்கூட அவள் இறங்கவில்லை. அவன் யாருடனோ சிரித்துப் பேசுவது காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

சந்தேகம் சண்டையாயிற்று. பிறகு சண்டையும் நின்றது. ஆறு மாதம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. அந்த ஆறு மாதமும் அவன் ஐந்தரைக்கு இறங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தான். இன்னும் நிறுத்தவில்லை பாருங்கள் என்று வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் அதை விவாகரத்து மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினார். வண்டியைப் பார்க்கத்தான் போனேன் என்றதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

இன்று காலை பதினொரு மணிக்கு இருவரும் கடைசிக் கையெழுத்தைப் போட்டார்கள். நீதிமன்ற வராந்தாவில் அவன் அருகில் வந்து, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டான். கேட்க இதுதானா கிடைத்தது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

நாலு நாளில் சரி செய்துவிடலாம் என்றார் மெக்கானிக். எந்த ஆயில் ஊற்றினார் என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் நல்லது என்றார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பட்டறையில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஸ்டியரிங் இறுகிடுச்சா?" என்றான்.

ம் என்றாள்.

ஆயிலின் பெயரைச் சொன்னான். சீலை மட்டும் மாற்றினால் போதாது, ரப்பர் உறையையும் மாற்றச் சொல் என்றான். நாலு நாளும் வேலைக்கு எதில் போவாய் என்று கேட்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.



"சொன்னேனே" என்றான்.

குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.